‘மனமார’ என்ற ஒரு சொல்லுக்காகப் புரட்டிய அகராதிகள்: ஒரு மதிப்புரை

எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் நெடுங்காலம் பணியாற்றிய தலைமையாசிரியை ஓய்வு பெற்றபோது, அவருக்குச் சட்டமிட்டு அளிக்க வேண்டிய பாராட்டு மடலை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான்கு நாள் எழுதி, அடித்து, மறுபடி எழுதி, கடைசி வரியாக “தங்கள் ஓய்வுக் காலம் நலமுடன் அமைய மனமார வாழ்த்துகிறோம்” என்று முடித்திருந்தேன். அச்சகத்திலிருந்து மெய்ப்பு வந்தபோது அந்த வரியில் “மனமாற வாழ்த்துகிறோம்” என்று இருந்தது. தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். கணினியில் எழுத்துக் கோத்த இளைஞர் மரியாதையோடுதான் பதில் சொன்னார்: “சார், நாங்க எல்லாப் பத்திரிகையிலயும் இப்படித்தான் போடுறோம். மனசு ஆறுற மாதிரி வாழ்த்துறோம்னு அர்த்தம் வருதுல்ல?”

அவர் கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது. ஆறுதல் என்ற சொல்லில் வல்லின றகரம்தான் வருகிறது. மனம் ஆறுவதும் நல்ல காரியம்தான். அவர் போட்டது தவறு என்பது எனக்குத் தெரிந்ததே தவிர, ஏன் தவறு என்று ஒரு வாக்கியத்தில் சொல்லத் தெரியவில்லை. ஐம்பது வயதுவரை எத்தனையோ மடல்களில் எழுதிய ஒரு சொல்லின் உள்ளே என்ன இருக்கிறது என்று நான் பார்த்ததே இல்லை என்பது அன்றுதான் உறைத்தது. அடுத்த இரண்டு வாரங்கள் இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அகராதிகளோடு கழித்தேன். எந்த அகராதி எதற்கு உதவுகிறது, எங்கே அதன் எல்லை முடிகிறது என்பதை அதே தேவையோடு தேடுகிறவர்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதலில் போனது சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியிடம். அச்சில் இருக்கும் தொகுதிகள் எல்லோர் வீட்டிலும் இருக்க முடியாது. ஆனால் சிகாகோ பல்கலைக்கழகம் நடத்தும் தெற்காசிய மின்னகராதிகள் தளத்தில் அது முழுவதும் இலவசமாகக் கிடைக்கிறது. நம் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்திலும் கிடைக்கிறது. நான் சிகாகோ தளத்தையே அதிகம் பயன்படுத்தினேன். தமிழ் எழுத்திலேயே சொல்லைத் தட்டித் தேடலாம். தலைச்சொல்லை மட்டும் தேடலாம். பதிவுகளின் உள்ளே இருக்கும் பாடம் முழுவதிலும் தேடலாம். இந்த இரண்டாவது வசதிதான் பெரிது. ஒரு சொல் தனிப் பதிவாக இல்லாவிட்டாலும், வேறு எந்தச் சொல்லுக்குப் பொருளாகவோ மேற்கோளாகவோ அது வந்திருக்கிறது என்று இதன் வழியே பிடித்துவிடலாம்.

பேரகராதியின் பதிவு எப்படி அமைந்திருக்கும் என்பதை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். தலைச்சொல்லை அடுத்து ரோமன் எழுத்தில் அதன் ஒலிப்பும், அது எந்த வேரிலிருந்து வந்தது என்ற குறிப்பும் இருக்கும். பிறகு பொருள் முதலில் ஆங்கிலத்திலும் அடுத்துத் தமிழிலும் வரும். அந்தப் பொருளில் சொல் ஆளப்பட்டிருக்கும் நூலின் பெயர் அடைப்புக்குறிக்குள் சுருக்கமாக நிற்கும். 1913இல் ஜே. எஸ். சாண்ட்லர் என்ற அமெரிக்க மிஷனரியின் தலைமையில் தொடங்கிய பணி அது, 1926இல் எஸ். வையாபுரிப் பிள்ளை பொறுப்பேற்று 1936இல் ஆறாம் தொகுதியோடு நிறைவு செய்தார். 1939இல் பின்னிணைப்பும் வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களை இலக்கிய ஆட்சியோடு ஒரே இடத்தில் வைத்த அந்த உழைப்பை, கைப்பேசியில் ஒரு சொல்லைத் தட்டி மூன்று விநாடியில் பெறும்போது, கைகூப்பத் தோன்றுகிறது.

நான் நேரே ‘ஆர்’ என்ற வினைக்குப் போனேன். இதுதான் என் முதல் பரிந்துரையும்கூட: கூட்டுச்சொல்லில் தடுமாற்றம் வந்தால் கூட்டுச்சொல்லைத் தேடாதீர்கள், அதன் வினையைத் தேடுங்கள். ‘ஆர்’ என்ற வடிவத்தில் பல சொற்கள் எண்ணிட்டு வரிசையாக நிற்கின்றன. ஆத்தி மரத்துக்கும் அது பெயர், சக்கரத்தின் ஆரத்துக்கும் அது பெயர், ஆர்த்து ஒலிப்பதும் ஆர்த்தல்தான், கட்டுவதும் ஆர்த்தல்தான். இவற்றைக் கடந்து ‘ஆர்தல்’ என்ற பதிவை அடைந்தால், நிறைதல், பொருந்துதல், உண்ணுதல் என்று பொருள்கள் விரிகின்றன. நிறைதலும் உண்ணுதலும் ஒரே சொல்லுக்குள் இருப்பதைப் பார்த்த அந்தக் கணத்தில் எனக்கு விடை கிடைத்துவிட்டது.

வயிறார உண்டான், கண்ணாரக் கண்டேன், செவியாரக் கேட்டாள், வாயார வாழ்த்தினார்கள். இந்தத் தொடர்களை நாம் குழந்தைப் பருவத்திலிருந்தே சொல்லி வருகிறோம். வயிறு ஆர என்றால் வயிறு நிறையும்படி. கண் ஆர என்றால் கண் தன் பசி தீரும் அளவுக்கு. அதே வரிசையில் மனம் ஆர, உளம் ஆர, நெஞ்சு ஆர. உண்மையோடு, கள்ளமில்லாமல் ஒன்றைச் செய்வதற்குத் தமிழ் தேர்ந்தெடுத்த சொல், வயிற்றுக்குச் சொல்லும் சொல்லையே மனத்துக்கும் சொல்கிறது. அரை வயிற்றோடு எழுந்த விருந்தாளி “போதும், போதும்” என்று சொல்லிக் கையை மறித்தாலும், வயிறு நிறைந்ததா இல்லையா என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். இலைக்கு முன்னால் நிற்கிறவருக்குத் தெரியாது. மனமார என்ற சொல்லின் அடியிலும் இந்த அறிவு கிடக்கிறது. வாழ்த்தில் மனம் எவ்வளவு நிறைந்திருந்தது என்பதற்கு வாழ்த்தியவரைத் தவிர வேறு சாட்சி இல்லை.

அச்சக இளைஞர் சொன்ன ‘மனம் ஆற’ என்பது வேறு வினை. ஆறுதல் என்றால் சூடு தணிதல். பால் ஆறும், புண் ஆறும், கோபம் ஆறும், ஆற அமர உட்கார்ந்து பேசலாம். அது துன்பத்துக்குப் பின் வருவது. ‘மனமாற’ என்று எழுதினால் இன்னொரு வாசிப்பும் நுழைந்துவிடுகிறது: மனம் என்பதோடு மாற்றம் சேர்ந்தால் மனமாற்றம் ஆவது போல, மனம் என்பதோடு மாற சேர்ந்தாலும் மனமாற என்றுதான் ஆகும். முப்பது ஆண்டுகள் உழைத்த ஆசிரியைக்கு மனம் மாறி வாழ்த்துவதாக எழுதிச் சட்டமிட்டுத் தொங்கவிட முடியுமா? ஒரு ரகரம் அங்கே எவ்வளவு சுமக்கிறது என்பதைப் பேரகராதி எனக்கு ஒரே பதிவில் காட்டியது. இந்தச் சொல்லை அடுத்து வல்லினம் வந்தால் ஒற்று மிகும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: மனமாரப் பாராட்டுகிறேன், நெஞ்சாரப் போற்றுகிறேன். பெயருக்கு முன்னால் வரும்போது மனமார்ந்த, நெஞ்சார்ந்த. நெஞ்சு என்பதோடு ஆர்ந்த சேர்ந்ததே நெஞ்சார்ந்த, அங்கே ‘சார்ந்த’ என்ற சொல்லுக்கு வேலை இல்லை.

அகராதி வேரைக் காட்டிய பிறகும் எனக்கு ஒரு குறை இருந்தது. இந்தச் சொல் நிறைவை மட்டுமா சொல்கிறது என்ற சந்தேகம். அப்போது நினைவுக்கு வந்தது திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் ஓதிய உலகநீதி. “நெஞ்சாரப் பொய்தன்னைச் சொல்ல வேண்டாம்” என்று உலகநாதர் தொடங்கும் அந்தப் பாட்டில், வாழ்த்துக்கும் நன்றிக்கும் நாம் சூட்டும் அதே நெஞ்சார என்ற சொல் பொய்க்கு முன்னால் வந்து நிற்கிறது. உள்ளம் நிறைந்த பொய் என்றா பொருள்? இல்லை. நெஞ்சு முழுவதும் அறிந்திருக்கும்போதே சொல்லும் பொய் என்று பொருள். பேச்சிலும் இது உயிரோடு இருக்கிறது. “மனசார நான் யாருக்கும் கெடுதல் நினைச்சதில்ல” என்று ஒரு பெரியவர் சொல்லும்போது, தெரிந்தே, வேண்டுமென்றே நினைத்ததில்லை என்றுதான் சொல்கிறார். ஆக, மனமார என்பதற்குள் இரண்டு இழைகள் ஓடுகின்றன: மனம் நிறைந்து என்பது ஒன்று, மனம் அறிந்து என்பது மற்றொன்று. இரண்டிலும் பொதுவாக இருப்பது, மனத்தின் ஒரு மூலைகூட அந்தச் செயலுக்கு வெளியே நிற்கவில்லை என்பது. அதே பாட்டின் இறுதியில் “மஞ்சாரும் குறவருடை வள்ளி பங்கன்” என்று வரும் இடத்தில் ‘மஞ்சாரும்’ என்பதிலும் இதே ஆர்தல்தான் வருகிறது என்பதை, மனப்பாடமாகச் சொல்லிய காலத்தில் நான் கவனித்ததே இல்லை.

திருக்குறளின் வாய்மை அதிகாரத்தையும் இந்தக் கண்ணோடு மறுபடி படித்தேன். “தன்நெஞ் சறிவது பொய்யற்க” என்ற 293ஆம் குறளில் பொய்யைக் கண்டுபிடிக்கிற இடம் நெஞ்சுதான். பிறகு சுடுவதும் அதே நெஞ்சுதான். “மனத்தொடு வாய்மை மொழியின்” என்ற 295ஆம் குறள் இன்னும் நுணுக்கமானது. வாய்மை மொழிந்தால் போதும் என்று வள்ளுவர் விட்டுவிடவில்லை, மனத்தொடு என்று ஒரு சொல்லை முன்னால் வைக்கிறார். வாயிலிருந்து வரும் சொல் பொய்யாக இல்லாமல் இருக்கும்போதே அதில் மனம் இல்லாமல் போக முடியும் என்பதை அறிந்தவர் வைத்த சொல் அது. நம் மனமார என்பது அந்த ‘மனத்தொடு’ என்பதற்கு மிக நெருங்கிய உறவு என்று எனக்குப் படுகிறது.

இந்தச் சொல்லின் எடை எனக்கு முதலில் எங்கே விளங்கியது என்பதையும் சொல்ல வேண்டும். நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு வரப்புத் தகராறில் அப்பாவும் அத்தையும் ஆறு ஆண்டுகள் பேசாமல் இருந்தார்கள். அக்காவின் திருமணத்துக்கு அப்பா வெற்றிலை பாக்கோடும் மஞ்சள் தடவிய பத்திரிகையோடும் அத்தை வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். அத்தை தாம்பாளத்தை வாங்கவில்லை. வாசற்படியில் நின்றபடியே, “மனசாரத்தான் கூப்பிடுறியாண்ணே?” என்று கேட்டார். அப்பா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “மனசார இல்லாம உன் வாசல் வரைக்கும் வருவேனா, தாயி?” என்றார். அத்தை தாம்பாளத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அழைப்பு ஏற்கெனவே நடந்துவிட்டது. பத்திரிகை கையில் இருக்கிறது. ஆனாலும் அந்த ஒரு சொல் கேட்கப்பட்டு, சொல்லப்படும்வரை அது அழைப்பாகவில்லை.

சட்டமன்றத்திலும் இதுதான் நடக்கிறது. நம் அரசியலமைப்பின் மூன்றாம் அட்டவணையில் பதவியேற்பவர்களுக்கான உறுதிமொழிகள் இருக்கின்றன. கடவுள் பெயரால் ஆணையிடலாம், அல்லது கடவுளைக் குறிப்பிடாமல் உறுதி கூறலாம். இரண்டாவது வழியைத் தேர்ந்தவர்கள் தமிழில் “உளமார உறுதி கூறுகிறேன்” என்கிறார்கள். கடவுள் சாட்சியாக நிற்கும் இடத்தில் இங்கே உள்ளம் வந்து நிற்கிறது. மனம் நிறைந்து என்ற பொருளைவிட மனம் அறிந்து என்ற பொருளே அங்கே கனமானது என்று நினைக்கிறேன்: நான் சொல்வது என்னவென்று முழுவதும் அறிந்து, அதன் பொறுப்பை ஏற்றுச் சொல்கிறேன் என்பது. 1939இல் பின்னிணைப்போடு முடிந்துவிட்ட பேரகராதியில் இந்த ஆட்சிக்கு இடமில்லை. 1950இல் நடைமுறைக்கு வந்த ஓர் ஆவணத்தின் மொழியை அது எப்படி அறியும்? பேரகராதியின் எல்லை எது என்பதை இந்த இடம் தெளிவாகக் காட்டுகிறது. வேரும் பழைய ஆட்சியும் வேண்டுமென்றால் அதற்கு ஈடு இல்லை. இன்று ஒரு சொல் எந்த வினையோடு சேர்கிறது, எந்தச் சூழலில் பொருந்தாது என்று அறிய வேண்டுமென்றால் அதை மட்டும் நம்பி நிற்க முடியாது.

அதற்குத்தான் இரண்டாவது அகராதி. க்ரியா பதிப்பகத்தின் தற்காலத் தமிழ் அகராதி 1992இல் முதலில் வந்தது. 2008இல் விரிவாக்கப்பட்ட பதிப்பு. 2020இல் மூன்றாம் பதிப்பு. அந்த ஆண்டு நவம்பரிலேயே அதன் பதிப்பாளர் க்ரியா எஸ். ராமகிருஷ்ணன் கொரோனாத் தொற்றால் காலமானார் என்பதை நினைக்காமல் அந்த மூன்றாம் பதிப்பை என்னால் கையில் எடுக்க முடிவதில்லை. இன்றைய எழுத்திலிருந்து திரட்டிய தரவுகளின் மேல் கட்டப்பட்ட அகராதி இது. பொருளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தந்துவிட்டு, அந்தச் சொல் வாழும் முழு வாக்கியத்தையும் எடுத்துக்காட்டாகத் தருவதுதான் இதன் தனிச்சிறப்பு. உயர் வழக்கு, பேச்சு வழக்கு, வட்டார வழக்கு, அருகிவரும் வழக்கு என்ற குறிப்புகளும், இலங்கைத் தமிழுக்கான குறிப்பும் பதிவுகளில் இருக்கின்றன. மடல் எழுதுகிறவருக்கும் மொழிபெயர்க்கிறவருக்கும் இந்தக் குறிப்புகளின் அருமை தெரியும். சொல்லின் பொருள் சரியாக இருந்து, அது அமரும் அவை தவறாகப் போனால் அந்த வரி முழுவதும் பொய்யாக ஒலிக்கும். மனமார, உளமார, நெஞ்சார மூன்றும் ஒரே பொருள்தான் என்றாலும், அத்தை வாசலில் நின்று “உளமாரத்தான் கூப்பிடுறியா” என்று கேட்டிருக்க மாட்டார். மனசார என்பது வீட்டுக்குரியது, மனமார மடலுக்குரியது, உளமார அவைக்குரியது.

ஒரு சொல் எந்தச் சொல்லோடு சேரும் என்ற இந்த விஷயத்தில் நான் சற்று அதிகமாகவே நின்றுவிட்டேன், ஏனென்றால் இங்கேதான் பிழைகள் மலிகின்றன. கைப்பேசியில் இருக்கும் ஒரு தானியங்கி மொழிபெயர்ப்புச் சேவை, வெளிநாட்டில் இருக்கும் என் உறவினர் அனுப்பிய இரங்கல் செய்தியை எனக்கு “மனமார்ந்த இரங்கல்கள்” என்று காட்டியது. படித்ததும் உள்ளே ஏதோ இடறியது. இப்போது ஏன் என்று சொல்ல முடிகிறது. ஆர்தலில் பசி தீர்ந்த நிறைவு இருக்கிறது. சாவு வீட்டில் மனம் நிறைவதில்லை. அங்கே நம் முன்னோர் வேறு வினையை வைத்தார்கள்: ஆழ்ந்த இரங்கல். மனமார வாழ்த்தலாம், பாராட்டலாம், நன்றி சொல்லலாம், ஏற்கலாம், மன்னிக்கலாம், மன்னிப்புக் கேட்கவும் செய்யலாம். மனமார அழ முடியாது. அழுகைக்கு ‘வாய்விட்டு’ என்ற சொல் இருக்கிறது. அந்த மொழிபெயர்ப்புச் சேவை சொல்லுக்குச் சொல் வைத்தது. சொல்லுக்குள் இருந்த சோற்றின் மணம் அதற்குத் தெரியாது. அவசரத்துக்குப் பொருள் அறிய அதைப் பயன்படுத்துங்கள். அதில் வந்ததை அப்படியே இன்னொரு மனிதருக்கு, அதுவும் துக்கத்தில் இருப்பவருக்கு, அனுப்பிவிடாதீர்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

மனமார என்பதற்கு மாற்றாக நாம் வைத்துக்கொள்ளும் சொற்களையும் இந்த இரண்டு வாரங்களில் தேடிப் பார்த்தேன். மனப்பூர்வமாக என்ற சொல்லை நான் அதன் இரட்டை என்றே எண்ணியிருந்தேன். ஆனால் கிரயப் பத்திரங்களில் “பிறர் தூண்டுதலின்றி மனப்பூர்வமாகச் சம்மதித்து” என்று எழுதும் வழக்கத்தைப் பார்த்தால், அங்கே அது வற்புறுத்தல் இல்லாமையைச் சொல்கிறது. நிலத்தை விற்கிறவருக்கு மனம் நிறைந்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை, மனம் ஒப்பியிருந்தால் போதும். ஆத்மார்த்தமான என்ற சொல்லின் கதை இன்னும் வியப்பானது. சைவ மரபில் ஒருவர் தன் பொருட்டு வீட்டில் செய்யும் பூசை ஆன்மார்த்த பூசை. ஊர் முழுவதற்குமாகக் கோயிலில் நடப்பது பரார்த்த பூசை. தனக்காக என்ற பொருளில் இருந்த சொல்தான் இன்று ஆத்மார்த்தமான நண்பர், ஆத்மார்த்தமான உழைப்பு என்று வருகிறது. எப்படி மாறியிருக்கும் என்று யோசித்தால் அதிலும் ஓர் அழகு தெரிகிறது: யாரும் பார்க்காத வீட்டுப் பூசையில் ஒருவர் யாருக்காக நடிக்க முடியும்?

பழைய பத்திரிகைகளில் அந்தரங்க சுத்தியோடு என்ற தொடரை அடிக்கடி பார்க்கலாம். உள்ளே இருக்கும் இடம் தூய்மையாக இருக்கிறது என்பது அதன் பொருள். அந்தரங்கம் என்ற சொல் இன்று வேறு நிழல்களைப் பெற்றுவிட்டதால் இந்தத் தொடரைப் புதிய தலைமுறைக்கு எழுதினால் தவறாகப் படிக்கப்படும். எனக்கு அதில் வருத்தம் உண்டு. சின்சியர் என்ற ஆங்கிலச் சொல்லோ தமிழுக்குள் வந்து தன் வேலையையே மாற்றிக்கொண்டுவிட்டது. “பையன் சின்சியரா படிக்கிறான்” என்று சொல்லும்போது, அவன் கள்ளமில்லாதவன் என்று யாரும் நினைப்பதில்லை. ஒழுங்காக, விடாமல் படிக்கிறான் என்றே பொருள் கொள்கிறோம். விடாமுயற்சியையும் உள்ளன்பையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டால், விடாமல் செய்கிறவர் எல்லாம் உள்ளன்போடுதான் செய்கிறார் என்று நம்பிவிடும் ஆபத்து இருக்கிறது. விண்ணப்பங்களின் அடியில் வரும் “தங்கள் உண்மையுள்ள” என்பது ஆங்கிலக் கடித முறையை ஒட்டி வந்த மரபு, அவ்வளவே.

பயன்பாட்டுக்கு வருகிறேன். செலவில்லாமல் தொடங்க விரும்புகிறவர் சிகாகோ தளத்துப் பேரகராதியிலிருந்து தொடங்கலாம். அதே தளத்தில் 1862இல் வந்த வின்சுலோ அகராதியும், 1779இல் வேப்பேரியில் முதலில் அச்சான பப்ரீசியஸ் அகராதியின் பிற்காலப் பதிப்பும் இருப்பதால், ஒரு சொல்லை மூன்று காலங்களின் வாயால் கேட்கலாம். பழைய நூற்பெயர்களின் சுருக்கங்களும் ஆங்கிலம் முந்தி வரும் முறையும் முதலில் மிரட்டும். ஒரு வாரத்தில் பழகிவிடும். பள்ளி மாணவருக்கு அதைவிட க்ரியா அகராதியே ஏற்றது. அச்சகம் நடத்துகிறவர்கள், மடலும் பத்திரிகையும் எழுதிக் கொடுக்கிறவர்கள், மேடையில் நன்றியுரை சொல்ல அழைக்கப்படுகிறவர்கள் ஆகியோர் அதை விலை கொடுத்து வாங்கி மேசையில் வைத்துக்கொள்ளலாம். இரண்டில் ஒன்றுதான் வேண்டும் என்று யாராவது வற்புறுத்தினால் நான் க்ரியாவைச் சொல்வேன், பேரகராதி எப்படியும் இணையத்தில் காத்திருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக.

அச்சகத்துக்கு நேரில் போய் அந்த இளைஞரிடம் வயிறார, கண்ணார, வாயார, மனமார என்று வரிசையாக எழுதிக் காட்டினேன். அவர் ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு, “வயிறாறன்னு யாரும் எழுத மாட்டாங்கல்ல சார்” என்றார். வேறு விளக்கம் தேவைப்படவில்லை. அந்தத் தாளைக் கணினிக்குப் பக்கத்தில் சுவரில் ஒட்டிக்கொண்டார். மடலை மறுபடி எடுத்துக் கொடுத்ததற்குத் தனியாகக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

விழா நாளில் மடலைப் படித்துக் கொடுத்தோம். தலைமையாசிரியை ஏற்புரைக்கு எழுதி வைத்திருந்த தாளை மடித்துக் கைப்பையில் வைத்துவிட்டு, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பழைய மாணவர்களைப் பார்த்துப் பேசினார். “கோவத்துல உங்கள்ல சில பேர அடிச்சிருக்கேன். மனசார யாரையும் நோகடிச்சதில்ல. அப்படி நொந்திருந்தா மன்னிச்சுக்கங்கப்பா” என்றார். வீட்டுக்கு வந்ததும் க்ரியா அகராதியை எடுத்து, அந்தப் பக்கத்தின் ஓரத்தில், தேதியிட்டு, அந்த நடு வாக்கியத்தை அவர் சொன்னபடியே எழுதி வைத்தேன்.